மொட்டை மாடியிலிருந்தே தொடங்கலாம்

பல வருஷம் விட்டுவிட்டு வான் புகைப்படத்துக்குத் திரும்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றித்தான். கேமராவைவிட முக்கியமாக மாறியிருப்பது தெரு விளக்கு. சென்னையின் பாடி, கொரட்டூர், அம்பத்தூர் தெருக்களில் முன்பு மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்கு, தன் ஒளியில் பெரும்பகுதியை 589 நானோமீட்டரை ஒட்டியே கொட்டியது. அந்தத் துண்டைத் தடுக்கும் ஃபில்டரை மாட்டினால் படத்தில் வானம் ஓரளவு கறுக்கும். இன்றைய வெள்ளை எல்.இ.டி. நீலம் முதல் சிவப்பு வரை பரவி ஒளிர்வதால், பெட்டியில் கிடக்கும் பழைய ஃபில்டர் அதனிடம் அநேகமாகத் தோற்றுப்போகும். வேண்டாததைத் தடுப்பதை விட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே விடும் ஃபில்டருக்கு மாறியாக வேண்டும். ஓரியன், ரோசெட் போன்ற நெபுலாக்களில் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும் ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரிலும் ஒளிர்கின்றன. 7 நானோமீட்டர் அகலமுள்ள ஃபில்டர், கண்ணுக்குத் தெரியும் அலைநீளப் பரப்பில் நாற்பதில் ஒரு பங்கைக்கூடத் திறந்துவிடாது. நெபுலாவின் அந்த ஒளியோ பெரும்பாலும் முழுசாக வந்து சேர்ந்துவிடும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஜவ்வாது மலைக்கே போய்விடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே காவலூரில்தான் இருக்கிறது. ஆண்ட்ரோமீடா போன்ற கேலக்ஸிக்கு மலைதான் சரி. அதன் ஒளி நட்சத்திரங்களின் ஒளி, எல்லா அலைநீளத்திலும் பரவியது, குறுகிய ஃபில்டர் அதற்கு உதவாது. வானம் 20 மடங்கு வெளிச்சமாக இருந்தால், மலையில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதற்கு இங்கே சுமார் 20 மணி நேரம் எடுக்க வேண்டும். ஆனால் திரும்பி வருகிறவருக்கு முதலில் தேவை பழக்கம். பழக்கம் அடுத்தடுத்த இரவுகளில்தான் வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நமக்கு நல்ல வானம். அந்த மாதங்களில் எந்த இரவிலும் ஏறிப் போகக்கூடிய இடம் மாடிதான். வெவ்வேறு இரவுகளில் எடுத்தவற்றை ஸ்டாக் செய்து ஒரே படமாக்கலாம். நான்கு மடங்கு நேரம் சேர்ந்தால் இரைச்சலுக்கு எதிரே ஒளி இரண்டு மடங்கு தெளியும்.

கேமராவைச் சுமக்கும் மவுன்ட்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக்க, மாடியில் துருவ நட்சத்திரமே தெரியாதே என்பது அடுத்த தடை. சென்னையில் அது 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பக்கத்து அடுக்குமாடி மறைத்துவிடும். இன்றைய மென்பொருள், தெரிகிற வேறு நட்சத்திரங்களைப் படமெடுத்தே மவுன்ட்டின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லிவிடும். இதே 13 டிகிரி அட்சரேகைதான், ஐரோப்பாவில் பெரும்பாலோர் பார்க்கவே முடியாத கரீனா நெபுலாவை மார்ச் நள்ளிரவில் 17 டிகிரி உயரத்துக்குக் கொண்டுவருகிறது. அண்ணா நகர், கோயம்பேடு வெளிச்சத்துக்கு மேலே, தாழ்வாகத்தான் வரும்; ஆனாலும் ஹைட்ரஜன் ஒளியில் பிடிக்க முடியும். ஆகவே முதல் பருவத்தைப் புதுக் கேமராவுக்கோ மலைப் பயணத்துக்கோ செலவிடாமல், ஒரு நல்ல ஃபில்டருக்கும் ஒரே ஒரு நெபுலாவுக்கும் கொடுப்பதுதான் சரி.