கடைசியாக வருபவருக்குப் பின்னால்

கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு 22 கொண்டையூசி வளைவுகள். 2023-இல் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டி நடந்த மலை அது. புற்றுநோய்ச் சிகிச்சை நிதிக்கான மிதிவண்டிப் பயணமொன்றில் மோட்டார் சைக்கிள் மார்ஷலாகச் சென்றிருந்தேன். பெயர்தான் பெரிது, அதிகாரம் ஏதுமில்லை. வளைவில் நின்று கை உயர்த்தலாம். நிற்பது ஓட்டுநரின் கருணை. (பெரும்பாலோர் நின்றனர்.)

பிற்பகுதியில் எனக்குக் கடைசி இடம். அறுபதைக் கடந்த ஒருவர் இறங்கி மிதிவண்டியைத் தள்ளத் தொடங்கினார். என் எஞ்சினின் உறுமல் அவரை விரட்டுவதுபோல் எனக்கே கேட்டது. பின்தங்கவும் இயலாது, பின்னிருந்து வரும் வாகனம் முதலில் என்னைக் காணவேண்டும் என்பதே அங்கு என் பணி.

“சாரே, சத்தம் தொல்லையாக இருக்கிறதா?” என்றேன்.

திரும்பாமலே, மூச்சிரைப்பினூடே சொன்னார்: “வேண்டா மோனே, போகண்டா. கூடெ வா.”

எஞ்சியிருந்தவை ஐந்து வளைவுகள். முதல் கியரில், கிளட்சைப் பிடித்தபடியே ஏறினேன்.