தாலி கட்டும் நேரத்தில் இரண்டு கேமராக்கள்

வைகாசி முகூர்த்தம். திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீசுவரர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளியிருந்த மண்டபத்தில் ஹோமப் புகை மணமேடையை மறைத்தது. நான் உடன் போயிருந்த ஸ்டுடியோக்காரர் கையில் புது மிரர்லெஸ். உதவிக்கு வந்த தம்பியின் கழுத்தில் பழைய டி.எஸ்.எல்.ஆர்.

"புகைக்குள்ளயும் பொண்ணோட கண்ண இதுவே பிடிச்சுக்குது சார். பழசுல நாமதான் தேடணும்" என்றார்.

டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பதியும் சென்சார் தனி. இரண்டுக்கும் மயிரிழை பிசகினால் கண் மங்கி, காதுத் தோடு பளிச்சென்று விழும். மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. வெளிச்சம் எப்படி விழும் என்பதும் அழுத்தும் முன்பே தெரிந்துவிடுகிறது. தாலி இரண்டாம் முறை கட்டப்படுவதில்லை. என்னைக் கேட்டால், புதியதன் பக்கம் சாய இந்த ஒரு காரணம் போதும்.

சத்தமில்லாமல் எடுக்கும் வசதியை மட்டும் அவர் அணைத்தே வைத்திருக்கிறார். அதில் எடுத்தால் எல்.இ.டி. விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழுகிறது. "சத்தம் வந்தா வரட்டும் சார், கோடு வரக்கூடாது."

பேட்டரியும் ஒரு கவலை. டி.எஸ்.எல்.ஆரான நிக்கான் டி850 ஒரு சார்ஜில் 1840 படம் எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. அதே நிறுவனத்தின் மிரர்லெஸ்ஸான முதல் இசட்6-க்கு 310. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்து ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது, விழுந்த தென்னைகளை நிவாரண மனுவுக்காக எடுத்துக் கொடுத்தது அந்தப் பழைய பெட்டிதான் என்று தம்பி தடவிக் காட்டினான்.

ஆனால் தொழிற்சாலைகள் எப்போதோ முடிவெடுத்துவிட்டன. 2008-இல் மிரர்லெஸ்ஸைப் பானாசோனிக் தொடங்கிவைத்தது. 2018-இல் கேனானும் நிக்கானும் முழு அளவு சென்சாரோடு உள்ளே வந்தன. 2020-இல் உலக அளவில் மிரர்லெஸ் ஏற்றுமதி டி.எஸ்.எல்.ஆரை முந்தியது. அந்த ஆண்டு வந்த கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 ஆகியவற்றுக்குப் பிறகு அந்த டி.எஸ்.எல்.ஆர். வரிசைகளில் புதிதாக எதுவும் வரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் பழைய வழியை விடாமல் நிற்கிறது.

டெல்டாவில் கணக்கு வேறு. தை அறுவடைக் காசு கைக்கு வந்தால்தான் பெரிய ஆல்பத்துக்கு ஆர்டர் வரும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாது. இங்குள்ள ஸ்டுடியோக்காரர்களின் முதல் முழுக்க லென்சில் கிடக்கிறது. அதனால் பழைய பெட்டி இங்கே உதவியாளர் கைக்கு இறங்கி, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதில்தான் அடுத்த தலைமுறை தொழில் பழகும்.

கடன் வாங்கிப் புது பாடி எடுக்கப்போகும் தம்பிகளே, அவசரப்பட்டு லென்சுகளை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். கேனானின் இ.எஃப். லென்சுகள் அடாப்டர் போட்டால் புது பாடியிலும் தானே ஃபோகஸ் செய்யும். உள்ளே மோட்டார் இல்லாத பழைய நிக்கான் லென்சுகளுக்கு நிக்கானின் அடாப்டரில் அது நடக்காது; அவற்றை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.