அடிபம்படியில் அமைதிப்படை

மயிலாப்பூரில் சித்திரக்குளத்தை ஒட்டிய சந்தில் ஒண்டுக்குடித்தனம் எங்களுடையது. முற்றத்தில் ஓர் அடிபம்பு. விடிவதற்குள் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டிவிடும். பின்கட்டு அத்தையுடையது மட்டும் கழுத்து நசுங்கிய பித்தளைக் குடம். கைப்பிடியை அடிக்க அடிக்க முதலில் வெறும் காற்றுதான் வரும், அப்புறம் கொஞ்சம் செந்தண்ணீர். நம் முறை வருவதற்குள், நம்ம பட்டாளம் யாழ்ப்பாணத்தில் இருக்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் தீர்த்துவிடுவார்கள். மறுநாள் மறுபடி தீர்ப்பார்கள்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது இந்தச் சண்டை இல்லை. அடுத்த வாரமே மெரினாவில் ராஜீவும் எம்.ஜி.ஆரும் ஒரே மேடை ஏறினார்கள். அக்டோபரில், அங்கே போன நம் அமைதிப்படையும் விடுதலைப்புலிகளும் மோதிக்கொண்ட பிறகுதான் வரிசையில் கட்சி பிரிந்தது.

தாத்தா ஏஜிஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். "கையெழுத்துப் போட்டுட்டுப் பாதியில திரும்பினா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்?" என்பார். சலூன்கார அண்ணன் விடமாட்டார். "தமிழனைக் காப்பாத்தப் போனவன் தமிழனையே சுடறான். அங்க என்ன சார் வேலை?" நவம்பரில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் கொல்லப்பட்டார், பிறகு அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். தாத்தா அவர் படத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வாதத்தில் "இத்தனை பேர் உயிரைக் கொடுத்தது வீணா?" என்பதும் சேர்ந்துகொண்டது.

பின்கட்டு அத்தையின் மகன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தான், அவனும் அங்கேதான். அவன் கடிதத்தில் ஊர்ப்பெயரே இருக்காது, ஏ.பி.ஓ. என்று ஓர் எண் மட்டும். நான்தான் படித்துக் காட்டுவேன். நலம், மழை, பணம் வந்ததா, அவ்வளவுதான். அத்தை வாக்குவாதத்தில் வாயே திறக்கமாட்டார். ஒருநாள் தாத்தா அந்த 'வீணா'வை எடுத்ததும் அத்தை கைப்பிடியை விட்டார்.

"செத்தவங்க வீணாகக் கூடாதுன்னு இன்னும் நாலு பேரச் சாகச் சொல்றீங்களா ஐயா? உங்க வீட்லேர்ந்து அனுப்புங்களேன்."

தாத்தா அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை.

டி.நகரில் சித்தி வீட்டு மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் குடியிருந்தது. 12பி பிடித்து விடுமுறைக்குப் போவேன். இரவில் அந்த அன்ரி டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து பி.பி.சி. தமிழோசை கேட்பார். அவர் தம்பி கொக்குவிலில் இருந்தார். பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியச் சிப்பாய்கள் ஹெலிகாப்டரில் இறங்கி மடிந்ததும், அதற்குப் பின் அக்கம்பக்கம் பட்ட பாடும் அந்த வட்டாரத்தில்தான். என்னைப் பார்த்தால், "தம்பி, உங்கட ஆமி எப்ப வெளிக்கிடும்?" என்பார். அடுத்த மூச்சிலேயே, "போனா மற்ற ஆமி வரும். ஆர் வந்தாலும் எங்கட மதில்தான் உடையும்" என்பார். இதை நான் அடிபம்படியில் சொன்னேன். தாத்தா தன் கட்சிக்குச் சாட்சி என்றார். சலூன்காரர் தன் கட்சிக்கு.

1989இல் புது இலங்கை அதிபர் பிரேமதாசாவே வெளியேறச் சொன்னதும் தாத்தாவின் குரல் இறங்கியது. வீட்டுக்காரன் போ என்ற பிறகு விருந்தாளி என்ன வாதாடுவது? வி.பி. சிங் ஆட்சியில், 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையும் திரிகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அங்கே தமிழர்கள் பட்டதை நினைத்தால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் போருக்கு அனுப்பியது டெல்லி. கப்பலில் வந்தது அத்தை மகன். போயிருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். அத்தைக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. மகன் வந்தான், ஒரு டூ-இன்-ஒன்னும் கொண்டுவந்தான். அந்த மாதம் முழுக்கப் பின்கட்டில் பாட்டுதான்.

ஜூனில் இலங்கை ராணுவத்துக்கும் புலிகளுக்கும் மறுபடி போர் மூண்டது. 19ஆம் தேதி, கோடம்பாக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கம் சக்காரியா காலனியில் அமைதிப்படையோடு நின்ற ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத் தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். கொக்குவில் தம்பி படகில் ராமேஸ்வரம் வந்து மண்டபம் முகாமில் இருப்பதாக அன்ரிக்குத் தகவல் வந்தது. அந்த வாரம் முடிவெட்டப் போன தாத்தா, துண்டைப் போர்த்தியதுமே "நான் அப்பவே சொன்னேன்" என்றார். கத்தரிக்கோலை நிறுத்தாமல் அண்ணனும் சொன்னார்: "நானும் அப்பவே சொன்னேன் சார்."