பதினஞ்சா, அம்பதா?

மழை வரலை, வேலையும் குறைவு. அதனால ஒரு பழைய அவமானத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

போன ஆடிப் பட்டத்துல கடலை போட்டிருந்தேன். களை மண்டிப்போச்சு. மருந்துக் கடைக்காரருக்கு போன் போட்டு, ஒரு டேங்குக்கு எவ்வளவு ஊத்தணும்னு கேட்டேன். பக்கத்துல டிராக்டர் சத்தம். அவர் சொன்னது 'ஃபிஃப்டீன்', என் காதுல விழுந்தது 'ஃபிஃப்டி'. பத்து லிட்டர் தண்ணிக்கு அம்பது மில்லி கலந்து அரை ஏக்கருக்கு அடிச்சேன். நாலாம் நாள் கோரையோட கடலையும் மஞ்சளாகிக் கருகிப்போச்சு. கடைக்காரர் மேல தப்பில்லை. டப்பாவுல எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை.

ஏழாவது படிக்கிற என் மக அன்னைக்கு ராத்திரியே பாடம் எடுத்தா. "அப்பா, தேர்ட்டீன்னா கடைசியில அழுத்தி 'டீன்'னு நீட்டணும். தேர்ட்டின்னா முன்னாடி அழுத்தி, 'டி'யைச் சட்டுனு முடிக்கணும்." பதிமூணு, முப்பது, பதினேழு, எழுபது. தமிழ்ல இதைத் தவறாக் கேட்கவே முடியாது. இங்கிலீஷ்ல ஒரு 'ன்' டிராக்டர் சத்தத்துல போயிட்டா கணக்கே மாறிடுது.

எனக்கு இது முதல் தடவையும் இல்லை. இங்கே சித்தன்னவாசல்ல ஏழடிப்பட்டம்னு ஒரு குகை இருக்கு. சமண முனிவர்கள் தங்குன இடம். பாறையில கால் வைக்கக் குழி வெட்டியிருப்பாங்க, பேரே அதுலேர்ந்துதான். உள்ளே வழவழன்னு 17 கல்படுக்கை. ஒன்னுல தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கு. ஒரு தடவை வடக்கேயிருந்து வந்தவர்கிட்ட பெருமையா 'செவன்ட்டி பெட்ஸ்'னு சொல்லிட்டேன். மனுஷன் மேலே போய் ஒவ்வொன்னா எண்ணிப் பார்த்துட்டு, கீழே வந்து சிரிச்சார்.

மக பாடம் அதோட நிக்கலை. எண்ணுற எண் வேற, வரிசை சொல்ற எண் வேறயாம். நமக்கு 'ஆவது' சேர்த்தா வேலை முடிஞ்சது: ரெண்டாவது, மூணாவது. (ஒன்னு மட்டும் 'முதல்' ஆகும்; அந்தக் குசும்பு நமக்கும் உண்டு.) இங்கிலீஷ்ல 'டூ'வுக்கும் 'செகண்ட்'டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. முக்காலுக்கு 'த்ரீ ஃபோர்த்ஸ்'. மேலே எண்ணுற எண், கீழே வரிசை எண். நம்ம ஆளுங்க கால், அரை, முக்கால்னு சின்னச் சின்னதாப் பேர் வச்சாங்க, பதினாறில் ஒரு பங்குக்குக் கூட மாகாணின்னு தனிப்பேர். யூடியூப்ல கடலை ஏற்றுமதி பத்திப் பேசுறவங்க மில்லியன் டன்னுன்னு சொல்லும்போது நான் முழிப்பேன். பத்து லட்சம்னு இப்பதான் புரியுது. பில்லியன்னா நூறு கோடி.

மூணாவதா ஒரு வகை இருக்கு. பேருக்கு மட்டும் எண். நம்ம சர்வே நம்பரையும் பக்கத்து வயல் சர்வே நம்பரையும் கூட்டினா நிலம் கூடாது. போன் நம்பர், ஆதார் நம்பர் எல்லாம் இதே ஜாதி. இதையெல்லாம் யாரும் இத்தனை கோடி, இத்தனை லட்சம்னு வாசிக்க மாட்டாங்க. நைன், எய்ட், ஃபோர்னு ஒவ்வொன்னாத்தான் சொல்வாங்க. அதனாலதான் எவ்வளவு சத்தத்துலயும் போன் நம்பரை ஓரளவு சரியா எழுதிக்கிறோம்.

அம்மா திண்ணையில உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்துச்சு. அம்மா கல்குவாரியில சல்லி உடைச்ச ஆளு. அப்போ ஒரு நடைக்கு ஒரு புளியங்கொட்டைன்னு முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கும். சாயங்காலம் மேஸ்திரி சொல்ற கணக்கும் கொட்டைக் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது; கூலி மேஸ்திரி கணக்குக்குத்தான். 1991ல புதுக்கோட்டை மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்தப்ப, ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல அம்மா எண்ணு எழுதக் கத்துக்கிச்சு. சைக்கிளும் அப்பதான். எழுதத் தெரிஞ்ச பிறகு நடைக் கணக்கைப் பாறையிலேயே கரியால எழுதி வச்சுட்டு, மேஸ்திரியை வந்து பாருய்யான்னு கூப்பிடுமாம்.

அரை ஏக்கர் போச்சுன்னதும் அம்மா திட்டலை. "எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டியாடா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. எனக்குப் பதில் வரலை. வாட்ஸ்அப் இருக்கிற போன் என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

போன வாரம் உளுந்துக்குப் பூச்சி மருந்து. அதே கடைக்காரர், அதே அவசரம். "ஃபிஃப்டீன் ஊத்துங்கண்ணே"ன்னார்.

"ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஒன் ஃபைவ்ண்ணே. இருங்க, மெசேஜும் போட்டு விடுறேன்."