இருபது வயதுக் கிழவர்

ஆமத்தூர் டீக்கடை பெஞ்சில் மூன்று பேர், பட்டாசு ஆபீஸ் வேனுக்காகக் காத்திருக்கிறார்கள். நகக்கண்களில் சாம்பல் நிற மருந்து. சுவரில் மாட்டிய டி.வி.யில் 'ஆண் பாவம்' ஓடுகிறது. திரையில் நடிகர் வி.கே. ராமசாமி வந்ததும் டீ ஆற்றுகிறவரின் கை நிற்கிறது. "நம்மூர்க்காரருல்ல..." என்கிறார் ஒருவர். மற்ற இருவரும் தலையாட்டுகிறார்கள். அதற்கு மேல் பேச்சில்லை. நானும் ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறேன்.

அகன்ற முகம், ஏறிய நெற்றி, தடித்த உடம்பு. பேசும்போது எதிரில் நிற்பவரை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஒரு சாட்சி நிற்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிச் சொல்கிறார். கடைசி எழுத்தை இழுக்கிறார். தொண்டையில் கொஞ்சம் கரகரப்பை நிறுத்தி, வாக்கியத்தைப் பாதியில் விடுகிறார். மிச்சத்தை முகம் சொல்லிவிடுகிறது. பக்கத்து விருதுநகர் மண்டிகளில் வற்றலுக்கும் பருப்புக்கும் விலை பேசும் அண்ணாச்சிகளின் வாயில் இந்த இழுவையை இப்போதும் கேட்கலாம். இங்கிருந்துதான் எடுத்துப் போயிருப்பார் என்று நம்புகிறேன்.

'ஆண் பாவம்' 1985இல் வந்தது. ஊரில் சினிமாக் கொட்டகை திறக்கும் அப்பாவாக அவர். அவருக்கு அம்மாவாக வருகிறவர் கொல்லங்குடி கருப்பாயி, வயல்காட்டில் பாடிப் பழகிய நாட்டுப்புறப் பாடகி. சிறுவயதிலிருந்து நாடகத்தில் தேய்ந்த ஒருவரும், நடிப்பே கற்காத ஒரு கிழவியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். எது பயிற்சி, எது இயல்பு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் கலையின் உச்சம் இதுதான் என்பேன்.

ராமசாமி பிறந்தது 1926இல், இதே ஆமத்தூரில். சிறுவனாகவே பாய்ஸ் நாடகக் கம்பெனிக்குப் போனார். அங்கே ராஜாவும் ராணியும் மந்திரியும் எல்லாம் பையன்கள்தான். வாத்தியார் சொல்லச் சொல்ல வசனமும் பாட்டும் மனப்பாடம். குரல் உடையும் மகரக்கட்டு வந்ததும் வேஷம் பறிபோகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. இவருக்கு நிலைத்தது கிழவர் வேஷம்.

1947 பொங்கலுக்கு 'நாம் இருவர்' வெளிவந்தது. ப. நீலகண்டனின் நாடகத்தை ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் படமாக்கியிருந்தார். அதில் கள்ளச்சந்தை வியாபாரி சண்முகம் பிள்ளையாக வந்தவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். கதாநாயகன் டி.ஆர். மகாலிங்கம் அவரைவிட மூத்தவர்! நரையை ஒப்பனைக்காரர் கொடுத்துவிடுவார். பேச்சின் நடுவே எடுக்கும் மூச்சை, எழும்போது முழங்காலில் ஊன்றும் கையை, கேட்டும் கேட்காத காதை யார் கொடுப்பது? பெரியவர்களின் பக்கத்தில் வாய் திறக்காமல் நெடுநேரம் உட்கார்ந்து பார்த்த பையனுக்குத்தான் அது கிடைக்கும்.

பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கஞ்சன், பெண்டாட்டிக்கு அஞ்சுகிறவர், பெண்ணைப் பெற்றுத் தவிக்கிறவர், ஊர்ப் பெரியமனிதர். 'மௌன ராகம்' படத்தில் மோகனின் முதலாளி. 2001இல் 'டும் டும் டும்' வரும்போது நரைக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 24இல் காலமானார்.

தயாரிப்பாளராக இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். ஏ.பி. நாகராஜனோடு கூட்டுச் சேர்ந்து 1957இல் 'மக்களைப் பெற்ற மகராசி' எடுத்தார். சிவாஜி அதில் கொங்குத் தமிழ் பேசினார். கரிசல்காட்டுக்காரர் ஒருவர் பங்கு போட்ட படத்தில் கொங்குச் சீமையின் பேச்சு திரைக்கு வந்தது என்பதில் எனக்குத் தனிப் பெருமை. சிவாஜியை வைத்தே 1966இல் 'செல்வம்' தயாரித்தார்.

அந்த நாகராஜன்தான் 1965இல் 'திருவிளையாடல்' எடுத்து, சிவாஜியைச் சிவனாக நிறுத்தினார். அந்தச் சிவன் நடந்தால் அரங்கம் அதிரும். 1978இல் 'ருத்ர தாண்டவம்' வந்தது. இந்த முறை சிவன் நம் வி.கே.ஆர். எதிரே கோவில் பூசாரியாக நாகேஷ். பூசாரி தன் வறுமையைக் கொட்டுகிறார், சாமியையே கேள்வி கேட்கிறார். சாமி கர்ஜிக்கவில்லை. அதே இழுவை, அதே கரகரப்பு. சடைமுடியும் பாம்பும் இருக்க, ஆமத்தூர்த் திண்ணையில் உட்கார்ந்து ஞாயம் கேட்கும் பெரியவராகவே அவர் பூசாரிக்குப் பதில் சொல்கிறார்.