ஒரு கையெழுத்து

ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய நாள்களில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துத் திண்ணையில் நாலைந்து பேராவது காத்திருப்பது வழக்கம். ஒருவருக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். ஒருவருக்கு மருமகளோடு மனத்தாங்கல். இன்னொருவருக்கு மகனைக் கல்லூரியில் சேர்க்கச் சிபாரிசுக் கடிதம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஞாயிறு ஒன்றில், எல்லாரும் போன பிறகும் ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். பதினாறு ஆண்டுகளாகப் பிறருடைய கார்களை ஓட்டிப் பிழைத்துவரும் ஓட்டுநர் அவர். பெயர் வேண்டாம்.

"சாமி, ஒரே ஒரு கையெழுத்து வேணும்" என்றார்.

கேட்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். என்ன கையெழுத்து என்று நான் விசாரிப்பதற்குள் அவரே சொல்லத் தொடங்கினார். வாடகைக்கு ஓட்டத் தகுந்த பழைய கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலை 4,20,000 ரூபாய். கையில் 1,20,000 இருக்கிறது. அதில் பாதி மனைவியின் வளையல். மீதி மூன்று இலட்சத்துக்கு வங்கியை நாடினால், "உங்கள் சிபில் சரியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சந்தைச் சாலையில் உள்ள பைனான்சில் தரச் சம்மதிக்கிறார்கள். ஆனால் ஊரில் மதிப்புள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும்.

நான் உடனே திருச்சபைச் சட்டத்தை எடுத்துரைத்தேன். 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 285ஆம் சட்டம், நான்காம் பிரிவு: குருக்கள் தம் சொந்தப் பொருளைக் கொண்டுகூட, தம் ஆயரைக் கலந்து ஆலோசிக்காமல் எவருக்கும் பிணை நிற்கலாகாது. சற்று உரத்த குரலில் சொன்னேன் என்றே நினைக்கிறேன். அவர், "சரிங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அப்படிச் சட்டம் பேசியதில் எனக்குள் ஒரு நிம்மதி பிறந்தது. அந்த நிம்மதி நல்ல இடத்திலிருந்து வந்ததன்று என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இரண்டு நாள் கழித்து மனம் கேளாமல் ஆளனுப்பி அவரை வரவழைத்தேன். எங்கள் பாடற்குழுவில் வணிகவியல் படிக்கும் இளைஞன் ஒருவன் இருந்தான். முதலில் அந்தச் சிபில் என்ன சொல்கிறது என்று பார்ப்போமே என்றான். சிபில் என்பது 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கடன் தகவல் நிறுவனம். அதைப் போல நம் நாட்டில் நான்கு உள்ளன. யார், எங்கே, எவ்வளவு வாங்கினார், எப்படித் திருப்பினார் என்று கடன் கொடுத்தவர்கள் தரும் விவரங்களைத் தொகுத்து, 300 முதல் 900 வரை ஓர் எண்ணைக் கணித்துத் தருகிறார்கள். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் முகம் மலரும். ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகவே பெறலாம் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. அதற்கென்று தரகனுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கொடுக்க வேண்டுவதில்லை.

ஓட்டுநருடைய எண் 561.

காரணத்தை அறிக்கையே சொல்லியது. 2019இல் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி இடமளித்தது. தள்ளிவைப்பது என்பதைத் தள்ளுபடி என்று இவர் புரிந்துகொண்டார். இவரைக் குறை கூறுவதற்கில்லை. படித்தவர்கள் பலரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். செப்டம்பரில் நிலுவையும் வட்டியும் சேர்ந்து நின்றன, சவாரியோ இல்லை. 2021இல் வசூலுக்கு வந்தவர், "31,000 பாக்கி. 18,000 கட்டினால் முடித்துக்கொள்ளலாம்" என்றாராம். இவர் கடன் வாங்கிக் கட்டி, இரசீதும் பெற்று, முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டார். அறிக்கையிலோ அந்தக் கடன் "செட்டில்டு" என்று பதிவாகியிருந்தது. முழுதும் கட்டி முடித்ததற்கு வேறு சொல் உண்டு. இது, கொடுத்தவன் ஒரு பகுதியை இழந்து ஒதுங்கினான் என்பதற்கான சொல். நேர்மையாகக் கட்டி முடித்ததாக மூன்றாண்டுகள் நம்பியிருந்த மனிதர், அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தபோது தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது.

அதோடு, எப்போதோ அடைத்துவிட்ட கைப்பேசிக் கடன் ஒன்றும் நிலுவையாகவே காட்டப்பட்டிருந்தது. அதன் இரசீது வீட்டில் விவிலியத்துக்குள் பத்திரமாக இருந்தது. இத்தகைய தவற்றைச் சுட்டி முறையிட்டால் முப்பது நாளுக்குள் திருத்த வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதி. இளைஞன் அங்கேயே முறையீட்டைப் பதிவு செய்தான்.

பிறகு விளையாட்டாக, "சாமி, உங்களுடையதையும் பார்க்கலாமா?" என்றான். குருவுக்கு என்ன கடன் என்ற பெருமிதத்தில் நானும் சம்மதித்தேன்.

என்னுடைய எண் 548. ஓட்டுநரைவிடப் பதின்மூன்று குறைவு.

2017இல், முன்பிருந்த பங்கில் கோயில் வேலைகளைக் கவனித்துவந்த ஒருவர் பழைய கார் வாங்க நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். ஆயரைக் கேட்கவில்லை; தாளைப் படிக்கவுமில்லை. அவர் 2020இல் ஊரைவிட்டுப் போய்விட்டார். வண்டியைப் பிடித்து ஏலத்தில் விற்றும் 46,000 ரூபாய் பாக்கி நின்றது. அதற்காக எனக்கு வந்த பதிவுத் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் போட்டேன். மாற்றலாகி வரும்போது கட்டோடு இங்கேயும் கொண்டுவந்தேன். ஜாமீன் நின்றவர் கடனாளியைப் போலவே பொறுப்பாளி. அவருடைய அறிக்கையிலும் அக்கடன் ஏறும். ஞாயிறன்று நான் முழங்கிய 285ஆம் சட்டம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அப்போது விளங்கியது. மீற வேண்டாத காலத்தில் மீறிவிட்டு, ஒளிந்துகொள்ளத் தேவைப்பட்டபோது அதை எடுத்துக்கொண்டேன். அவ்விருவரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஓட்டுநர், "விடுங்க சாமி, யாருக்குத்தான் வரலை" என்று எனக்கு ஆறுதல் கூறினார்.

மறுநாள் மூவருமாகச் சந்தைச் சாலைக் கடைக்குப் போனோம். கேரளத்துக்குக் காய்கறி ஏற்றும் லாரிகள் நெருக்கியடித்து நிற்கும் தெருவில், மாடிப்படிக்குக் கீழே சிறிய அறை. "நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் சாமி வட்டி" என்றார் உரிமையாளர். காதுக்கு எவ்வளவு இனிமை! மூன்று இலட்சத்துக்கு மாதம் மூவாயிரம். 36 மாதத்தில் வட்டி 1,08,000. ஆக மாதத் தவணை 11,333. ஆனால் தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே போக, வட்டி மட்டும் முதல் நாளின் மூன்று இலட்சத்துக்கே கடைசிவரை நிற்கிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் இளைஞன் கணக்கிட்டான்; ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டியது. தொகை எழுதாத காசோலைகளும், நிரப்பாத பத்திரத்தில் கையெழுத்தும், வண்டியின் இரண்டாவது சாவியும் கேட்டார்கள்.

உரிமையாளர் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். "வங்கி துரத்திவிட்ட ஆளுக்கு நான் கொடுக்கிறேன். வண்டியோடு ஒருவன் ஓடிப்போனால் யார் எனக்குத் தருவார்?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. நானே அப்படி ஓடிப்போன ஒருவருக்கு ஜாமீன் நின்றவன். ஆனால் ஒரு செய்தி எங்களைத் தயங்கச் செய்தது. அக்கடை ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றதன்று. சிபிலுக்குக் கணக்கு அனுப்புவதில்லை. அங்கே 36 தவணையும் நாள் தவறாமல் கட்டினாலும் இவருடைய 561 ஏறப்போவதில்லை.

காரும் எங்களைக் கைவிட்டது. ஆர்.சி.யைப் பார்த்தால், விற்பவர் வாங்கிய பழைய பைனான்சின் பெயர் இன்னும் நீங்காமல் இருந்தது. "கட்டி முடித்துவிட்டேன்" என்று அவர் சாதித்தாரேயொழிய, தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் காட்ட முடியவில்லை. அவை இல்லாமல் வாங்கினால் ஒருவருடைய கடன்மீது இன்னொருவர் உட்கார்ந்து ஓட்டுவதாகும். விட்டுவிட்டோம்.

டிசம்பரில், அதிகம் ஓடிய வேறொரு மஞ்சள் பலகைக் கார் 2,70,000க்கு அமைந்தது. ஆக, தேவைப்பட்டது ஒன்றரை இலட்சம் மட்டுமே. திண்டுக்கல்லில் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்று, குறையும் அசலுக்கு 21 சதவீதத்தில், 24 மாதங்களுக்குத் தர முன்வந்தது. தவணை ஏறத்தாழ 7,700. வட்டி என்னவோ சந்தைக் கடையுடையதுதான். ஆனால் அதை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு விகிதத்தைக் காட்டும் விவரத்தாளைக் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழில் கேட்டோம், சிறிது முனகிவிட்டுத் தந்தார்கள். கைப்பேசிக் கடன் திருத்தப்பட்டதும் சற்று உதவியது. மோட்டார் சைக்கிள் பாக்கி 13,000ஐயும் கட்டிவிட அவர் விரும்பினார். இப்போதைக்குக் கையில் இல்லை.

அங்கும் ஒரு ஜாமீன் கேட்டார்கள். இம்முறை ஆயரிடம் சென்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதலில் அந்த 46,000ஐ என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார். என் சேமிப்பிலிருந்து, குறைத்துக் கேட்காமல், முழுவதையும் கட்டி, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கினேன். புதிதாகப் பிணை நிற்க அவர் இணங்கவில்லை. சக ஓட்டுநர் ஒருவர், விவரத்தாளை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையெழுத்திட்டார்.

தவணை மாதம் பத்தாம் தேதி. கட்டியதும் அவர் இரசீதை என்னிடம் கொண்டுவருவார். வீட்டில் வைத்தால் தொலைந்துவிடும் என்பார். பதிவுத் தபால் கிடந்த அதே இழுப்பறையில் அவற்றை வைத்தேன். ஏப்ரலில் மட்டும் வண்டி பழுதாகி நான்கு நாள் தாமதம், அபராதம் கட்டினார். 2025 மே மாதம் எனக்கு மாற்றல் வந்தது. புறப்படும் காலையில் அவரே தம் காரில் என் பெட்டிகளை ஏற்றினார். இழுப்பறையைக் காலி செய்து, ஐந்து இரசீதுகளையும் ஓர் உறையிலிட்டு அவர் கையில் கொடுத்தேன். வழியில் டீசலுக்குப் பணம் நீட்டினேன்; ஐந்நூறு மட்டும் எடுத்துக்கொண்டார்.