தூங்கினால் வருகிறவன்

ஹாலிவுட் கத்திக் கொலைகாரர்களில் உங்கள் ஓட்டு யாருக்கு?

'ஹாலோவீன்' (1978) மைக்கேல் மையர்ஸ் வாயே திறக்க மாட்டான். அந்த முகம், இரண்டு டாலருக்கும் குறைவாகக் கடையில் வாங்கிய 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க் முகமூடி. வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். பி.காம். படித்த எனக்கு இதைவிட லாபமான முதலீடு தெரியாது! 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' ஜேசன் கொஞ்சம் லேட். 1980-ல் வந்த முதல் படத்தில் கொலைகளைச் செய்தது அவனுடைய அம்மா. ஹாக்கி முகமூடி 1982-ல், மூன்றாவது படத்தில்தான்.

இவர்களிடமிருந்தாவது ஓடிப் பார்க்கலாம். 1984-ல் வந்த ஃப்ரெடி க்ரூகர் கனவில் வருகிறவன். எத்தனை நாள் தூங்காமல் இருப்பீர்கள்? என் ஓட்டு இவனுக்குத்தான். காரணம், இவன் பிறந்தது பத்திரிகைச் செய்தியில்!

போருக்குத் தப்பி அமெரிக்கா வந்த தென்கிழக்கு ஆசிய அகதிகளில் சிலர், திடகாத்திரமான ஆண்கள், ராத்திரி தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். இயக்குநர் வெஸ் க்ரேவன் படித்த செய்தி அது. அதில் ஒரு பையன், தூங்கினால் ஏதோ வந்து பிடித்துவிடும் என்று நாள்கணக்கில் விழித்தே கிடந்தானாம். கடைசியில் அசந்து தூங்கினான். அலறினான். வீட்டார் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்புறம் அவன் அறையைப் பார்த்தால், யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்த ஒரு காபி மெஷின்.

படத்தில் நான்ஸியின் அறையிலும் ஒன்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா?